பட்டனைப் பார்த்து ஏமாந்த கதை: டயரின் ஓரத்தில் எழுதியிருக்கும் வரலாறு



கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு டம்ளர் காபியோடு உட்கார்ந்து படியுங்கள். நாமக்கல் பக்கம் பிறந்து வளர்ந்தவர்களுக்கு டயரைப் பற்றி நான் சொல்லித் தருவதா என்று சிரிக்காதீர்கள். இது நான் சொல்லித் தரும் பாடம் இல்லை, நான் தப்பு செய்து கற்றுக்கொண்ட பாடம்.

போன வாரம் அமெரிக்காவில் இருக்கும் நம் பள்ளி மாணவன் ஒருவன் போன் செய்தான். பழைய டிராவல் டிரெய்லர் ஒன்று வாங்கியிருக்கிறானாம். அதாவது கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளே வைத்து, பிக்கப் டிரக்கின் பின்னால் மாட்டி இழுத்துப் போகும் வீடு. "டயரெல்லாம் புதுசு மாதிரியே இருக்குதுங்க டீச்சர். அடுத்த மாசம் குழந்தைகளோட கிளம்பறோம்" என்றான். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. ஏனென்றால் அதே வார்த்தையை நானும் ஒருநாள் சொல்லியிருக்கிறேன்.

2023 ஜூன் மாதம். டெக்சாஸ் மாநிலத்தில் டல்லாஸ் பக்கம் இருக்கும் என் மகன் வீட்டில் இருந்தேன். அவனும் இப்படி ஒரு டிரெய்லரை முந்தின வருடம் வாங்கியிருந்தான். பிக் பெண்ட் தேசியப் பூங்காவுக்குக் கிளம்பும் முன், "அம்மா, டயரை மாத்திடலாமான்னு யோசிக்கிறேன்" என்றான். நான் வாசலில் போய்ப் பார்த்தேன். பட்டன் அப்படியே இருந்தது. தேய்மானமே இல்லை. "ஏங்கண்ணு, நல்லா இருக்கற டயரை எதுக்குத் தூக்கிப் போடறே? உங்கப்பா மொட்டை ஆகற வரைக்கும் ஓட்டுவாரு" என்றேன். மகன் பேசாமல் விட்டுவிட்டான். அம்மா சொல்லி அவன் தட்டியதில்லை.

அபிலீன் நகரைத் தாண்டி, மதிய வெயிலில், பின்னால் துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். வண்டி ஒரு உலுக்கு உலுக்கியது. மகன் பதறாமல் ஓரம் கட்டினான். இறங்கிப் பார்த்தால், டயரின் மேல்பட்டை முழுசாக உரிந்து, சக்கரத்துக்கு மேலிருந்த தகரத்தைக் கிழித்து, சமையலறைக்குக் கீழே போகும் தண்ணீர்க் குழாயையும் அறுத்திருந்தது. உரிந்த பட்டை, பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவருக்கு முன்னால் போய் விழுந்திருக்கிறது. அவர் எப்படியோ ஒடித்துத் தப்பி, நூறடி தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வந்தார். என் வயதுதான் இருக்கும். திட்டவில்லை. குனிந்து கிழிந்த டயரைத் திருப்பி, ஓரத்தில் இருந்த நான்கு எண்களைக் காட்டினார்: 3116. 2016ஆம் வருடம் 31ஆம் வாரம் செய்த டயர். ஏழு வயது ஆகப்போகிறது. "உங்கள் பேத்தியைவிட மூத்தது" என்றார். பேத்தி டிரக்கின் பின்சீட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

அந்த மனிதருக்கு ஏதாவது ஆகியிருந்தால் அந்தப் பாவம் என் வாயால் வந்தது என்றுதான் நான் நினைத்திருப்பேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை சமூக அறிவியல் நடத்தியவள் நான். ஒன்று புரியாவிட்டால் அதன் வரலாற்றைத் தேடுவது என் பழக்கம். டயரின் ஓரத்தில் இருக்கும் ஒவ்வொரு எழுத்தையும் படித்தேன். படிக்கப் படிக்கத் தெரிந்தது ஒன்றுதான்: அந்த எழுத்துகளில் பல, யாரோ விலை கொடுத்த பிறகு எழுதப்பட்டவை.

முதலில் ரப்பர். வெயிலில் இளகி, குளிரில் விறைத்துப்போன ரப்பரை, கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் உறுதியாகும் என்று 1839இல் கண்டவர் சார்லஸ் குட்இயர். 1860இல் கடனாளியாகவே இறந்தார். அவர் பெயரில் இருக்கும் கம்பெனி, அவர் இறந்து 38 வருடம் கழித்து வேறு ஆட்கள் தொடங்கியது. காற்றடைத்த டயருக்கு 1845இலேயே ராபர்ட் தாம்சன் காப்புரிமை வாங்கினார், உலகம் கண்டுகொள்ளவில்லை. 1888இல் பெல்ஃபாஸ்டில் ஜான் டன்லப் தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காக மறுபடி அதைச் செய்தார். பிறகுதான் அது பரவியது. நாம் இன்றும் சொல்லும் 'ஸ்டெப்னி' கூட 1904இல் வேல்ஸ் நாட்டில் லனெல்லி ஊரின் ஸ்டெப்னி தெருவில் பிறந்த பெயர். அமெரிக்காவில் அப்படிச் சொன்னால் யாருக்கும் புரியாது. எனக்கு அந்த ரோட்டோரத்திலேயே தெரிந்தது.

காருக்குப் பின்னால் வீட்டைக் கட்டி இழுக்கும் ஆசை அமெரிக்காவில் கார் பரவியதுமே வந்துவிட்டது. 1919இல் ஃபுளோரிடாவின் டாம்பா நகரில் 'டின் கேன் டூரிஸ்ட்ஸ்' என்று ஒரு சங்கமே அமைத்துவிட்டார்கள். 1936இல் ஏர்ஸ்ட்ரீம் கம்பெனியின் வாலி பையம் அலுமினியத்தில் பளபளக்கும் கிளிப்பர் டிரெய்லரைக் கொண்டுவந்தார். வீடு பெரிதாகிக்கொண்டே போனது. குளிர்பெட்டி வந்தது, தண்ணீர்த் தொட்டி வந்தது. எடை அத்தனையும் போய் இறங்கியது சக்கரத்தில்தான்.

இப்போது எழுத்துகளுக்கு வருவோம். டிரெய்லர் டயரின் அளவுக்கு முன்னால் 'எஸ்.டி.' என்று இருக்கும். டிரெய்லருக்கென்றே செய்த டயர் என்று பொருள். கார் டயரில் 'பி' இருக்கும், சிறு டிரக் டயரில் 'எல்.டி.' இருக்கும். டிரெய்லருக்கு எஞ்சின் இல்லை, ஸ்டியரிங் இல்லை. ஆனால் இரண்டு அச்சுள்ள டிரெய்லர் திரும்பும்போது நான்கு டயரும் பக்கவாட்டில் தேய்த்து இழுபடும். அதனால் ஓரச்சுவர் விறைப்பாக வேண்டும். ஒரே அளவில் எல்.டி. டயரைவிட எஸ்.டி. டயருக்கு அதிக எடை அனுமதி. இலவசமாக இல்லை. அதற்குப் பதிலாக வேகத்தை விட்டுக்கொடுத்தார்கள். வேறு ஏதும் எழுதியிராவிட்டால் எஸ்.டி. டயருக்கு மணிக்கு 65 மைல், அதாவது சுமார் 105 கிலோமீட்டர்தான் எல்லை.

இங்கேதான் வரலாறு உள்ளே வருகிறது. பெட்ரோல் நெருக்கடியால் 1974இல் அமெரிக்கா முழுக்க வேக வரம்பு 55 மைல் ஆனது. அந்தக் காலத்தில் 65 மைல் டயர் தாராளம். 1995இல் மத்திய வரம்பை எடுத்துவிட்டார்கள். மாநிலங்கள் ஏற்றிக்கொண்டே போயின. மேற்கு டெக்சாஸில் 75, 80 என்று பலகை நிற்கிறது. சாலை மாறியது, பலகை மாறியது, டிரெய்லருக்கு அடியில் இருக்கும் டயர் மாறவில்லை. பின்னால்தான் வேக எழுத்துள்ள எஸ்.டி. டயர்கள் கடைக்கு வந்தன: 'எல்' என்றால் 120 கிலோமீட்டர், 'எம்' என்றால் 130, 'என்' என்றால் 140. பலகையைப் பார்த்து ஓட்டாமல் டயரைப் பார்த்து ஓட்ட வேண்டும்.

அடுத்து சுமை எழுத்து: சி, டி, இ என்று போகும். நம் லாரிக்காரர்கள் "16 ப்ளை" என்று கேட்டு வாங்குவார்கள் அல்லவா, அதன் தம்பிதான் இது. ஆரம்பத்தில் டயருக்குள் பருத்தி நூல் அடுக்குகள் இருந்தன. எத்தனை அடுக்கோ அத்தனை பலம். பிறகு ரேயான், நைலான், எஃகு என்று வந்ததும் குறைந்த அடுக்கிலேயே அதே பலம் கிடைத்தது. அடுக்கு போய்விட்டது, எண் மட்டும் நின்றது. அதன் இடத்தில் எழுத்தை வைத்தார்கள்: சி என்றால் 6 ப்ளைக்குச் சமம், டி 8, இ 10.

கடைசியாகத் தேதி. 1946இல் மிச்செலின் கம்பெனி ரேடியல் டயருக்குக் காப்புரிமை வாங்கியது. எஃகுக் கம்பிப் பட்டையின் மேல் ரப்பர் ஒட்டி நிற்கும் டயர். நன்றாக உழைக்கும், ஆனால் அந்த ஒட்டு விட்டால் மேல்பட்டை உரிந்து பறக்கும். 1978இல் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் 500 என்ற ரேடியல் டயர் இப்படி உரிந்ததால், ஒரு கோடிக்கும் மேற்பட்ட டயர்களைத் திரும்பப் பெற்றார்கள். 2000 ஆகஸ்டில் அதே கம்பெனியின் 65 லட்சம் டயர்கள். ஃபோர்டு எக்ஸ்புளோரர் வண்டிகள் உருண்டு 250க்கும் மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். திரும்பப் பெறும் வேலையை முதலில் தொடங்கிய மாநிலங்கள் அரிசோனா, கலிபோர்னியா, ஃபுளோரிடா, டெக்சாஸ். எல்லாம் வெயில் ஊர்கள். வெயிலும் வேகமும் சேர்ந்தால் ஒட்டு விடும் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

அந்த வருடம் நவம்பரில் புதிய சட்டம் வந்தது. அதைத் தொட்டு, 2007 செப்டம்பர் முதல் புதிய கார்களிலும் சிறு டிரக்குகளிலும் காற்றழுத்தம் காட்டும் கருவி கட்டாயமானது. டிரெய்லருக்குக் கட்டாயம் இல்லை. கார் டயருக்குக் கடுமையான புதிய சோதனை வந்தது. எஸ்.டி. டயர்கள் பழைய விதியிலேயே நின்றன. மகன் டிரக்கில் நான்கு சக்கரத்தின் காற்றும் கண்ணுக்கு முன்னால் தெரிகிறது, பின்னால் வரும் வீட்டைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

தேதி எண் 2000க்கு முன் மூன்று இலக்கம்தான். 409 என்றால் 40ஆம் வாரம் சரி, எந்தப் பத்தாண்டின் 9? யாருக்கும் தெரியாது. 2000 முதல் நான்கு இலக்கம்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 'டி.ஓ.டி.' என்று தொடங்கும் வரிசையின் கடைசியில் இருக்கும். முழு எண் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கலாம். எங்கள் மீதி மூன்று டயரில் இரண்டுக்கு அது உள்பக்கம் இருந்தது. மகன் மண்ணில் படுத்து, போனை நீட்டிப் படம் எடுத்துத்தான் படித்தோம். எல்லாம் 2016.

பட்டன் தேயாதது நல்லது என்று நான் நினைத்தேன். ஓடாமல் நின்றதால்தான் தேயவில்லை. ரப்பரில் கலந்திருக்கும் காப்பு மெழுகு, டயர் ஓடி நெளியும்போதுதான் மேலே வந்து காக்கும். நின்றே இருந்தால் வெயிலும் காற்றும் உள்ளே வேலை பார்க்கும். அன்றிரவு நாமக்கல்லில் லாரி வைத்திருக்கும் என் மாணவனிடம் பேசினேன். "டீச்சர், ஓடற லாரிக்குப் பட்டன் பாக்கலாமுங்க. நிக்கற வண்டிக்குத் தேதிதானுங்க பாக்கோணும்" என்றான். பத்து வரியில் நான் சொன்னதை ஒரே வரியில் சொல்லிவிட்டான்.

பிறகு எப்படி வாங்கினோம் என்று சொல்கிறேன், அந்த மாணவனுக்கும் உதவும். சாமான், தண்ணீர் எல்லாம் ஏற்றி, லாரிகள் எடை போடும் மேடையில் நிறுத்தினோம். மொத்தம் 4,260 கிலோ. டிரக்கின் கொக்கி தாங்குவது 540 போக, அச்சுகளில் 3,720. டயருக்கு 930 கிலோ. பழைய டி டயர் 65 பவுண்டு காற்றில் 1,150 கிலோ தாங்கும். கணக்கில் போதும் போலத்தான் இருக்கிறது. ஆனால் அது சராசரி. சமையலறை, குளிர்பெட்டி இருக்கும் பக்கம் கூடுதல் பாரம். காற்று குறைந்தால் தாங்கும் எடையும் குறையும். அதனால் அதே அளவில் இ டயர் எடுத்தோம்: 80 பவுண்டு காற்றில் 1,280 கிலோ. வாங்கும் முன் சக்கர ரிம் 80 பவுண்டு தாங்குமா என்று ரிம்மில் பார்த்தோம். சாதாரண ரப்பர் வால்வு 65 பவுண்டுக்குத்தான், அதை உலோக வால்வாக மாற்றினோம். கடையில் முதலில் எடுத்துவந்த டயர் இரண்டு வருடப் பழசு. புதுத் தேதி கேட்டு வாங்கினோம். நான்கோடு ஸ்டெப்னியும் மாற்றினோம். 80 கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்தி நட்டுகளை மறுபடி முறுக்கினோம். காற்றுக் கருவி தனியாக வாங்கி மாட்டினோம். காற்று பார்ப்பது எப்போதும் காலையில், டயர் சூடாகும் முன். அந்த ஊரில் டிரெய்லர் டயரை ஐந்தாறு வருடத்தில் மாற்றச் சொல்கிறார்கள், பட்டன் எப்படி இருந்தாலும்.

சிக்கனம் நல்ல குணம் என்று உங்களுக்கெல்லாம் வகுப்பில் சொன்னவள் நான். அதை வாபஸ் வாங்கவில்லை. எதில் சிக்கனம் என்று சேர்த்துச் சொல்லாமல் விட்டது என் தப்பு.

நம் ஊரிலும் கார், ஸ்கூட்டர் டயரில் இதே நான்கு எண் இருக்கிறது. முக்கியமாக வருடத்துக்கு இரண்டு தடவை மட்டும் எடுக்கும் காரில் பாருங்கள். பார்த்துவிட்டு எந்த வருடம் என்று கீழே எழுதுங்கள். வருகைப் பதிவேடு மாதிரி நான் ஒவ்வொன்றாகப் பார்ப்பேன்.

ஹூஸ்டனில் இருக்கும் தம்பி, நீ முதலில் எழுது. கிளம்பும் முன் எழுது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்