கன்னி, பன்றி, பசு



போன சனிக்கிழமை கற்பிட்டிக் களப்பில் மகனும் நானும் இரண்டு பேர் இருக்கக்கூடிய கயாக் ஒன்றில் போனோம். காலையில் இறங்கியவர்கள் கண்டல் ஓரமாகவே துடுப்பு வலித்து, அஸருக்குத்தான் கரைக்கு வந்தோம். இயந்திரச் சத்தம் இல்லாததால் கொக்குகளும் நீர்க்காகங்களும் பறக்காமல் எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தன. தூரத்தில் கூனல் டொல்பின் இரண்டு முதுகைக் காட்டிவிட்டு மறைந்தன. (தோள் வலி இன்னும் போகவில்லை, அது வேறு கதை.)

மகனுக்கு இதெல்லாம் போதவில்லை. "வாப்பா, கடற்பசு எங்க?" என்றான். கயாக்குக்குக் கீழே முழங்கால் ஆழத்தில் கடற்புல் விரிந்து கிடந்தது. புல் இருந்தது, மேய ஆள் இல்லை. அவனுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

1560. போர்த்துக்கேயர் மன்னாரைப் பிடித்த அதே ஆண்டு. மன்னாருக்கு அருகே மீனவர்களின் வலையில் ஒரே இழுப்பில் ஏழு 'கடல் மனிதர்கள்', ஆணும் பெண்ணுமாக, அகப்பட்டதாக ஒரு பதிவு உண்டு. பார்த்தவர்களில் ஒருவர் ஹென்றிக்கஸ் பாதிரியார். 1578இல் இந்திய மண்ணில் அச்சான முதல் தமிழ் நூலாகிய தம்பிரான் வணக்கத்தைத் தந்த அதே மனிதர்! கோவாவின் போர்த்துக்கேய ஆளுநருடைய வைத்தியர் பொஸ்கேஸ் அவற்றை அறுத்துப் பார்த்து, உள்ளுறுப்புகள் மனிதருடையவை போலவே இருக்கின்றன என்றாராம்.

சுமார் முந்நூறு வருடம் கழித்து, இலங்கையில் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் இந்தக் கதையை எடுத்துச் சொல்லி, அது கடற்பசுதான் என்று விளக்கினார். தாய் ஒரு துடுப்புக் கையால் குட்டியை மார்போடு அணைத்தபடி தலையை வெளியே நீட்டிப் பால் கொடுக்குமாம். தூரத்தில் பார்த்தால் கடற்கன்னி. 1847இல் மன்னாரில் கொன்று கொழும்புக்கு அவரிடம் அனுப்பிய ஒன்று ஏழு அடிக்கு மேல் நீளம். கற்பிட்டியிலிருந்து ஆதாம் பாலம் வரைக்கும் இது காணப்படுவதாக அவர் எழுதினார். நாங்கள் துடுப்பு வலித்த தண்ணீரும் அதற்குள்தான்.

போர்த்துக்கேயருக்குக் கன்னி. சிங்களத்தில் 'முஹுது ஊரா', கடற்பன்றி. நமக்குப் பசு. இந்தப் பெயர் விஷயம் லேசானதல்ல. இமாம் மாலிக்கிடம் 'நீர்ப்பன்றி' பற்றிக் கேட்டபோது, "நீங்கள்தானே பன்றி என்கிறீர்கள்" என்று சொல்லித் தீர்ப்புக் கொடுக்கத் தயங்கினார்கள். அவர்கள் சொன்னது இந்தப் பிராணியையே என்று நான் சொல்லவரவில்லை. நம்மில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில், கடலில் மட்டும் வாழ்வது எந்த உருவத்தில் இருந்தாலும் ஆகும் என்பதே பலமான கருத்து. அதோடு பெயரும் பசு என்று அமைந்துவிட்டால் கேட்க என்ன இருக்கிறது? தின்றவர்கள் முஸ்லிம்கள் மட்டுமல்ல, ஆனால் நாமும் தின்றோம். ஹலாலா என்று கேட்டோம், மிச்சம் இருக்கிறதா என்று கேட்கவில்லை.

மாட்டைப்போல அறுக்கக்கூடிய பிராணி இல்லை இது. ஒரு வருடத்துக்கு மேல் சுமந்து ஒரு குட்டிதான் போடும். அடுத்த குட்டிக்கு மூன்று வருடமும் ஆகலாம், ஏழும் ஆகலாம். மூச்சு விட மேலே வந்தே ஆகவேண்டும், வலையில் சிக்கினால் மூழ்கிச் சாகும். 1970இலிருந்தே இலங்கையில் சட்டம் பாதுகாக்கிறது. ஆனால் வலைக்குச் சட்டம் தெரியாது. அக்கரையில் தமிழ்நாடு 2022இல் பாக்கு விரிகுடாவில் 448 சதுர கிலோமீற்றரைக் கடற்பசுவுக்கென்றே ஒதுக்கியது. நம் பக்கத்துப் புல்லும் அந்தப் புல்லும் ஒரே கடலில்தான் முளைக்கின்றன.

கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் மகன் அதே கேள்வியைக் கேட்டான். அவர் வலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "தின்டிருக்கேன் மகன். மாட்டிறைச்சி மாதிரித்தான். கரையில இழுத்துப் போட்டா கண்ணால தண்ணி வடியும். அத ஒருக்காப் பாத்த பொறகு எங்க உம்மா அந்த இறைச்சிய அடுப்புல ஏத்தவே இல்ல."

மன்னார், எருக்கலம்பிட்டி, கற்பிட்டி உறவுகளே, உங்கள் வீட்டுப் பெரியவர்கள் இதை எந்தப் பெயரால் அழைத்தார்கள்? கடைசியாக எப்போது கண்டார்கள்? கேட்டு எழுதுங்கள்.