வாசலுக்கு வெளியே ஐந்து கிலோமீட்டர்

குரோம்பேட்டை என்ற பெயருக்குள் ஒரு தோல் தொழிற்சாலை இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லாவரத்துக்குப் பக்கத்தில் சேம்பர்ஸ் என்பவர் நடத்திய ‘குரோம் லெதர் கம்பெனி’ விட்டுப்போன பெயர் அது. அந்தக் காலத்துத் தொழிற்சாலை தன்னைச் சுற்றியே ஒரு பேட்டையை உண்டாக்கிக்கொண்டது. சங்கு ஊதினால் நடந்தே போய்விடலாம். 1931-ல் பீச்சிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியதும் இந்தக் கணக்கு மாறியது. வீடு ஒரு ஊரில், வேலை இன்னொரு ஊரில் என்று ஆனது. 1984-ல் சானடோரியத்தில் மெப்ஸ் வந்தது, பிறகு ஓ.எம்.ஆர். வந்தது. இன்று தென்சென்னைப் புறநகர் என்பதே ஒரு பெரிய பயணம்தான். விடிவதற்கு முன் ஷேர் ஆட்டோ, அப்புறம் ரயில், அப்புறம் இன்னொரு ஷேர் ஆட்டோ.

இந்தப் பயணத்தில் ஒருவர் அடிபட்டுச் செத்தால், அது வேலையில் நடந்த சாவா, ரோட்டில் நடந்த சாவா? நம் நீதிமன்றங்கள் அறுபது எழுபது வருஷமாக இதைத்தான் அளந்து கொண்டிருக்கின்றன.

கொஞ்சம் பின்னால் போகலாம். முதலாளியின் பொறுப்பு பற்றிய மிகப் பழைய ஆங்கிலத் தீர்ப்புகளில் ஒன்று 1837-ல் வந்தது. கறிக்கடைப் பையன் ஒருவன் அதிக பாரம் ஏற்றிய வண்டி உடைந்து தொடையெலும்பு முறிந்தவன். அவனுக்கு முதலாளி ஒன்றும் தரவேண்டியதில்லை என்று அந்த வழக்கு முடிந்தது. அதுவும் ரோட்டு விபத்துதான் என்பதைக் கவனியுங்கள். அந்த மனநிலை மாறி 1897-ல் பிரிட்டனில் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வந்தது. இந்தியாவில் 1923-ல் சட்டமாகி, 1924 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் உயிர்நாடி மூன்றாம் பிரிவு: விபத்து ‘வேலையின் காரணமாகவும், வேலையின் போதும்’ நடந்திருக்க வேண்டும். தப்பு யாருடையது என்று தொழிலாளி நிரூபிக்கத் தேவையில்லை. இந்த இரண்டு சொற்றொடர்களை மட்டும் நிரூபித்தால் போதும். ஆனால் அந்த ‘மட்டும்’தான் கஷ்டம்.

1958-ல் சௌராஷ்டிரத்து உப்பளத் தொழிலாளர்கள் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. வேலை முடிந்து திரும்பும்போது கழியைக் கடந்த படகு கவிழ்ந்து மூழ்கிப் போனவர்கள் அவர்கள். வேலையிடம் என்பது கேட்டோடு முடிவதில்லை, கொஞ்சம் நீளும் என்ற கொள்கையை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனால் அந்தப் படகு எல்லோரும் போகிற படகு, ஆகவே இழப்பீடு இல்லை என்றது. 1963-ல் பம்பாய் பஸ் டிரைவர் ஒருவரின் வழக்கு. டியூட்டி முடிந்து தன் நிறுவனத்தின் இன்னொரு பஸ்ஸிலேயே வீடு திரும்பும்போது விபத்து. அந்த பஸ்ஸில் போவது வேலையோடு வந்த உரிமை, ஆகவே வேலையின் போதுதான் என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னார்கள். 1996-ல் ஒரு ஈ.எஸ்.ஐ. வழக்கு. ஷிஃப்டுக்கு சைக்கிளில் போய்க்கொண்டிருந்தவர் மீது லாரி மோதியது. தொழிற்சாலை ஒரு கிலோமீட்டர் தொலைவில்தான். இல்லை என்றது நீதிமன்றம்.

கம்பெனி பஸ் என்றால் உண்டு, சொந்த சைக்கிள் என்றால் இல்லை. பஸ் விடுகிற அளவுக்குப் பெரிய கம்பெனியில் வேலை பார்ப்பவனுக்குப் பாதுகாப்பு, மற்றவனுக்கு அவனவன் தலையெழுத்து. இந்தத் தர்க்கம் எனக்கு எப்போதும் ஒட்டியதில்லை.

2010-ல் நாடாளுமன்றம் ஈ.எஸ்.ஐ. சட்டத்தில் 51-ஈ என்ற பிரிவைச் சேர்த்தது. வீட்டுக்கும் வேலைக்கும் இடையே நடக்கும் விபத்தும், நேரம், இடம், சூழ்நிலை ஆகியவற்றுக்கு வேலையோடு தொடர்பு இருந்தால், வேலை விபத்தாகவே கருதப்படும் என்றது. நல்லதுதான். ஆனால் இழப்பீட்டுச் சட்டத்தில் அப்படியொரு வரி எழுதப்படவில்லை. ஒரே ஷேர் ஆட்டோ கவிழ்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஈ.எஸ்.ஐ. கார்டு இருக்கும் மெப்ஸ் தொழிலாளிக்கு உண்டு. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும், கார்டு இல்லாத வாட்ச்மேனுக்குக் கேள்விக்குறி.

அந்தக் கேள்விக்குறியைத்தான் 2025 ஜூலை 28 அன்று நீதிபதிகள் மனோஜ் மிஸ்ரா, கே.வி. விஸ்வநாதன் அமர்வு நீக்கியது. வழக்கு மகாராஷ்டிரத்தில் ஒரு சர்க்கரை ஆலை வாட்ச்மேனைப் பற்றியது. அதிகாலை 3 மணி ஷிஃப்ட். 2003 ஏப்ரல் 22 அன்று ஆலைக்கு ஐந்து கிலோமீட்டர் முன்னால் விபத்தில் இறந்தார். கீழே 3,26,140 ரூபாயும் 12 சதவீத வட்டியும் கிடைத்தது. 2011-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் திருப்பிக் கொடுத்தது. இரண்டு சட்டங்களும் ஒரே நோக்கம் கொண்டவை, 51-ஈ புதிதாக எதையும் உண்டாக்கவில்லை, ஏற்கெனவே இருந்ததைத் தெளிவாக்கியது, ஆகவே பின்னோக்கியும் செல்லும் என்பது அதன் வாதம். அந்தக் குடும்பம் காத்திருந்தது 22 வருஷம்.

சட்டம் எப்போதும் இப்படித் தாராளமாகப் பின்னோக்கி நடப்பதில்லை. 2020 பிப்ரவரியில், சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேலே போன ஒரு வழக்கில், சம்பள உச்சவரம்பை உயர்த்திய திருத்தம் பழைய விபத்துகளுக்குப் பொருந்தாது என்று அதே உச்ச நீதிமன்றம்தான் சொன்னது. விபத்து நடந்த நாளில் என்ன வரம்போ அதுதான். வரம்பு 2010 வரை 4,000 ரூபாய், பிறகு 8,000, 2020 ஜனவரியிலிருந்து 15,000. நாற்பது வயதுக்காரர் இறந்தால் கணக்கு இப்படி வரும்: மாதச் சம்பளத்தில் பாதி பெருக்கல் 184.17. உச்சவரம்புச் சம்பளத்துக்கு 13,81,275 ரூபாய். அவர் 22,000 வாங்கியிருந்தாலும் அதே தொகைதான்.

2025 நவம்பர் 21-ல் அமலான சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, பயண விபத்தை இழப்பீட்டுப் பகுதியிலேயே நேரடியாக எழுதிவிட்டது. இனி வாக்குவாதம் ‘தொடர்பு’ என்ற ஒரே சொல்லைப் பற்றித்தான் இருக்கும். வழியில் பிள்ளையை ஸ்கூலில் இறக்கிவிட்டுப் போனால்? டீ குடிக்க நின்றால்? 2018 ஜூலை 24 காலை பரங்கிமலை நிலையத் தடுப்புச் சுவரில் மோதி இறந்தார்களே படியில் தொங்கிப் போனவர்கள், அதுபோல ஒருவர் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தால், ‘உன்னை யார் தொங்கச் சொன்னது?’ என்று முதலாளியின் வக்கீல் கேட்காமல் இருப்பாரா?

மேடவாக்கத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இரவு வாட்ச்மேனாக இருக்கும் எங்கள் தெரு அண்ணனிடம் இந்தத் தீர்ப்பைச் சொன்னேன். சைக்கிளில் போய் வருபவர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அதெல்லாம் சரி தம்பி, எனக்கு முதலாளி யாரு? ஏஜென்சியா, ஃபிளாட்டுக்காரங்களா? சம்பளம் கைல தர்றாங்க, சீட்டு கிடையாது” என்றார்.

சரியான கேள்வி. ஏஜென்சிதான் முதலாளி, அதில் சந்தேகமில்லை. ஆனால் ஏஜென்சி கைவிரித்தால் வேலை கொடுத்த இடத்தைப் பிடிக்கலாம் என்ற பழைய பன்னிரண்டாம் பிரிவு, அந்த இடம் ‘தொழில் அல்லது வியாபாரம்’ நடத்துவதாக இருக்க வேண்டும் என்றது. ஃபிளாட் அசோசியேஷன் என்ன வியாபாரம் செய்கிறது? ஐந்து கிலோமீட்டரை அளந்த தீர்ப்பு அந்த இடத்துக்கு வரவில்லை. அதற்கு வேறொரு வழக்கு வேண்டும். இழப்பீடு கேட்க இரண்டு வருஷம்தான் கெடு என்றும், ஏஜென்சி பெயர் போட்ட ஏதாவது ஒரு காகிதத்தை வீட்டில் கொடுத்து வைக்கும்படியும் அண்ணனிடம் சொன்னேன். “யூனிஃபார்ம்ல பேரு தச்சிருக்கு, அது போதுமா?” என்று கேட்டார்.