இந்திய நாட்டார் கதைகளில் கொடுமைக்காரப் பெண்கள்

இந்திய நாட்டார் கதைகளில் தீமை செய்யும் பெண் பெரும்பாலும் மாற்றாந்தாய், சக்களத்தி, மாமியார், அண்ணி என்று ஓர் உறவுப் பெயரோடுதான் வருகிறாள். இவ்வுருவத்தின் பழைய எழுத்துச் சான்றுகள் சில பௌத்த நூல்களில் உள்ளன. மகாபதும ஜாதகத்தில் சிற்றன்னையான அரசி, தன் ஆசைக்கு இணங்காத இளவரசன்மீது பழி சுமத்துகிறாள். அசோகாவதானத்தில் அசோகனின் அரசி திஷ்யரக்ஷிதை அதே கோபத்தில் அவன் மகன் குணாளனின் கண்களைப் பறிக்கச் செய்கிறாள். துறவியர் போற்றிய இக்கதைகள் தீமையின் வேரைப் பெண்ணின் காமத்தில் கண்டன. பிற்காலத்தில் வாய்மொழியிலிருந்து தொகுக்கப்பட்ட கதைகள் பலவும் அதைப் பிள்ளை, சோறு, சொத்து ஆகியவற்றுக்கான போட்டியில் காண்கின்றன.

தட்சிணாரஞ்சன் மித்ர மஜும்தார் 1907இல் வெளியிட்ட ‘தாகுர்மார் ஜூலி’ என்ற வங்கத் தொகுப்பின் ஒரு கதையில், பிள்ளையில்லாத மூத்த அரசிகள் இளையவள் பெற்ற குழந்தைகளைப் புதைத்துவிட்டு, எலியும் தவளையும் பிறந்ததாக அரசனை நம்பவைக்கிறார்கள். வாரிசைப் பெற்றவளுக்கே அரண்மனையில் மதிப்பு என்பதுதான் அவர்களை உந்துகிறது. லட்சுமிநாத் பெஸ்பருவா 1911இல் தொகுத்த அசாமியக் கதைகளில் ஒன்றில், வணிகனான தகப்பன் ஊரில் இல்லாதபோது மாற்றாந்தாய் தேஜிமலா என்ற சிறுமியை நெல் குத்தும் உலக்கையால் இடித்துக் கொல்கிறாள். தமிழ்நாட்டின் நல்லதங்காள் கதையில், பஞ்சத்தில் பிள்ளைகளோடு பிறந்தகம் வந்தவளுக்கு அண்ணி மூளி அலங்காரி சோறு மறுக்கிறாள். அண்ணன் அப்போது வீட்டில் இல்லை. மூன்று கதைகளிலும் பெண்ணின் வாழ்வு ஓர் ஆணின் ஆதரவைச் சார்ந்திருக்கிறது. அதைப் பங்குபோட வருபவள் பகையாகிறாள்.

சில கதைகளில் அரசியாக உருமாறி வரும் ராட்சசி பிறவியிலேயே கொடியவள்தானே என்று கேட்கலாம். ஆனால் அவளும் முதலில் அரசனின் மனைவியாகிறாள். பிறகே சக்களத்தியையும் அவள் பிள்ளைகளையும் அழிக்க முனைகிறாள். அரக்க உடலுக்குள்ளும் இயங்குவது குடும்பப் பகைதான். குற்றம் குடும்ப அமைப்பினுடையது என்றால் தண்டனை பெண்ணுக்கு மட்டும் ஏன் என்பது இன்னும் வலுவான மறுப்பு. எலிக்கதையை நம்பிய அரசன் மன்னிக்கப்படுவது உண்மை. இளைய அரசிக்கு அவன் வீட்டைத் தவிர வேறு போக்கிடம் இல்லாததால், அவனைத் தண்டித்தால் அவளுக்கும் புகலிடம் போய்விடும். எனினும் அவன் ஏமாறியதைக் கதை மறைப்பதில்லை. தீர்ப்பு பெண்மீது விழுந்தாலும், அவளைக் கொடியவளாக்கிய ஏற்பாட்டுக்கு இக்கதைகளே சாட்சி சொல்கின்றன. ஆகவே இவற்றைப் பெண்ணின் இயல்பைப் பற்றிய தீர்ப்பாகப் படிப்பதைவிட, ஒருவனையே நம்பிப் பல பெண்கள் வாழ நேர்ந்த வீட்டின் வரலாறாகப் படிப்பதே நியாயம்.