முதலில் வந்தது பக்கத்து வீட்டுக்காரர்: நம் மாவட்டம் கண்ட மூன்று பேரிடர்கள்



ஐப்பசி மழை தொடங்கும் முன் மொட்டை மாடி வடிகால், ஜெனரேட்டர் டீசல், தண்ணீர் மோட்டார் எல்லாவற்றையும் சங்கத்தில் சரிபார்க்கிறோம். இவற்றோடு சரிபார்க்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. கடலூர் மாவட்டத்தின் அண்மை வரலாறே அதைச் சொல்லும்.

2004 டிசம்பர் 26 அன்று நம் கடலோர ஊர்களில் சுனாமி நூற்றுக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோனது. கடலூருக்கு வடக்கே, புதுச்சேரியைச் சேர்ந்த நல்லவாடு மீனவக் கிராமத்தையும் அதே அலை தாக்கியது. அந்த ஊர் இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் இருந்தார். செய்தி அறிந்ததும் வீட்டுக்குப் போன் செய்து எச்சரித்தார். வீட்டார் தாங்கள் மட்டும் தப்பி ஓடவில்லை. ஊருக்கே தகவல் சொன்னார்கள். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே அமைத்திருந்த கிராம அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவிப்பு போனது. வானிலையும் அலையின் உயரமும் வழக்கமாகக் கேட்ட ஒலிபெருக்கி என்பதால் மக்கள் நம்பி உடனே வெளியேறினார்கள். வீடுகளும் படகுகளும் சேதமாயின. மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் பிழைத்தார்கள். ஒரு வீட்டுக்கு வந்த போன், பழக்கத்தில் இருந்த ஏற்பாட்டால் ஊருக்கே எச்சரிக்கையானது.

2011 டிசம்பர் 30 காலை 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. பண்ருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் விழுந்து பல ஊர்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. நாட்டுக்கே மின்சாரம் தரும் நெய்வேலி பக்கத்தில் இருந்தும் இந்த நிலைமை. விளக்கடியில் இருட்டு என்பார்களே, அதுதான். சாலையை மறித்துக் கிடந்த மரங்களை, அரசு வண்டி வரும்வரை காத்திராமல் வெட்டி வழிவிட்டவர்கள் அந்தந்தத் தெருக்காரர்கள்தான்.

2015 நவம்பர் 9-இல் நெய்வேலியில் 24 மணி நேரத்தில் பதிவான மழை 48 சென்டிமீட்டர். பண்ருட்டி அருகே பெரியகாட்டுப்பாளையத்தில் திடீர் வெள்ளம் வீடுகளோடு உயிர்களையும் அடித்துச் சென்றது. அவ்வளவு வேகமாக வரும் தண்ணீரில், கூப்பிடு தூரத்தில் இருப்பவரைத் தவிர வேறு யார் வந்து சேர முடியும்?

வெளிநாட்டிலும் இதே அனுபவம்தான். 1995 ஜனவரி 17 அதிகாலை ஜப்பானின் கோபே நகரை நாசமாக்கிய நிலநடுக்கம், அருகிலுள்ள அவாஜி தீவின் ஹொகுடான் ஊரையும் சாய்த்தது. எந்த வீட்டில் எத்தனை பேர், பாட்டி எந்த அறையில் படுப்பார் என்பதெல்லாம் அங்கே அக்கம்பக்கத்தாருக்குத் தெரியும். நேராக அந்த இடத்தையே தோண்டினார்கள். தேடுதல், மீட்பு வேலை அன்றைக்கே முடிந்துவிட்டது.

இப்போது நம் குடியிருப்புக்கு வருவோம். என்எல்சியில் ஓய்வு பெற்றவர்கள் நம்மிடையே பலர். பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூரிலோ வெளிநாட்டிலோ இருக்கிறார்கள். எதிர்வீட்டு அம்மா எந்த அறையில் படுக்கிறார் என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? வாட்ஸ்அப் குழு இருக்கிறதே என்று சொல்லலாம். செல்போன் டவர் படுத்துவிட்டால் குழுவும் படுத்துவிடும்.

வங்கியில் கணக்கு தொடங்க வருபவரிடம் நாமினி யார் என்று கேட்போம். அதுபோல ஒவ்வொரு மாடிக்கும் ஒரு நோட்டு வைக்கலாம். வீட்டில் எத்தனை பேர், படியிறங்கக் கைத்தாங்கல் வேண்டியவர் யார், ஃபிரிட்ஜில் வைக்கும் இன்சுலின் போன்ற மருந்து உண்டா, மாற்றுச் சாவி யாரிடம், பிள்ளைகளின் போன் எண் என்ன என்று அதில் எழுதலாம். விருப்பமுள்ளவர் சொன்னால் போதும்; நோட்டு அந்த மாடிப் பொறுப்பாளரிடமே இருக்கட்டும்.

ஆனால் நோட்டு மட்டும் போதாது. அறிமுகம் இல்லாதவரிடம் யாரும் சாவி கொடுக்க மாட்டார்கள். கொலு சுண்டல், ரம்ஜான் பிரியாணி, கிறிஸ்துமஸ் கேக் என்று கிண்ணம் கைமாறும் வீடுகளுக்கிடையேதான் சாவியும் கைமாறும். வாடகைக்கு வந்தவர்களையும் இதில் விட்டுவிடக் கூடாது.

அடுத்த கூட்டத்தில் மாடிக்கு இருவர் பெயர் கொடுங்கள். அதற்கு முன், இதுவரை பேசாத ஒரு வீட்டுக் கதவை இந்த வாரமே தட்டுங்கள்.