கல்லும் சொல்லும்
(அகலிகை வரலாற்றில் ஓர் ஒப்புநோக்கு)

காப்பிய மாந்தரை ஒப்பிடுங்கால், எவர் உயர்ந்தவர், எவர் தாழ்ந்தவர் எனத் தரம் பிரிப்பது தமிழ் மேடைகளின் நெடுநாள் வழக்கம். சீதையா கண்ணகியா, வான்மீகியா கம்பரா என்னும் பட்டிமன்றங்கள் கேட்போர்க்குப் பெருவிருந்தாயின என்பதில் ஐயமில்லை. ஆயினும், ஒரே பாத்திரம் ஒரு புலவரிடமிருந்து மற்றொருவரிடம் செல்லும்போது எதை இழக்கிறது, எதைப் பெறுகிறது என்று காண்பது அதனினும் பயனுடையது. அவ்வகை ஆய்வுக்கு அகலிகை மிகப் பொருத்தமான பாத்திரம். வடமொழி ஆதிகாவியத்தில் தோன்றி, 20 ஆம் நூற்றாண்டின் தமிழ்ச் சிறுகதை வரை நடந்து வந்தவள் அவள்.

வான்மீகியின் அகலிகை

வான்மீகி இராமாயணத்தின் பாலகாண்டத்தில், முனிவர் வேடத்தில் வந்தவன் இந்திரன் என்பதை அகலிகை அறிகிறாள்; அறிந்தே இசைகிறாள். தேவர்கோனையே அறியும் ஆவல் அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. பின்னர்த் தன் மனநிறைவைக் கூறி, விரைந்து சென்றுவிடுமாறும் அவனிடம் சொல்கிறாள். கௌதமர் இடும் சாபத்தில் கல் இல்லை. எவர் கண்ணுக்கும் புலப்படாமல், காற்றையே உணவாகக் கொண்டு, சாம்பலில் கிடந்து அவள் தவம் புரிய வேண்டும். இராமன் வந்ததும் சாபம் நீங்குகிறது. இராமனும் இலக்குவனுமே அவள் பாதங்களைத் தொட்டு வணங்குகின்றனர். அதே நூலின் உத்தரகாண்டத்திலோ, கணவன் உருவில் வந்தவனை அறியாமல் ஏமாந்ததாக அவள் முறையிடுகிறாள். அறிந்தாளா, அறியாளா என்னும் வழக்கு ஆதிகாவியத்துக்குள்ளேயே தொடங்கிவிட்டது.

பரங்குன்றத்து ஓவியம்

தமிழில் அகலிகையை முதலில் ஓர் ஓவியத்தில் காண்கிறோம். எட்டுத்தொகை நூல்களுள் ஒன்றான பரிபாடலின் 19 ஆம் பாடலில், திருப்பரங்குன்றத்துச் சித்திரங்களைக் கண்டு நிற்போரை நப்பண்ணனார் காட்டுகிறார். பூனையாக மாறிய இந்திரன், அகலிகை, சினங்கொண்ட கௌதமன், அவள் கல்லுருவான நிலை ஆகியவற்றை அறிந்தவர் அறியாதவர்க்கு விளக்குகின்றனர். கம்பருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே கல்லும் பூனையும் தமிழ் மக்களின் கண்ணுக்குப் பழகியிருந்தன என்பது இதனால் புலனாகும். காளிதாசரின் இரகுவம்சத்திலும் அவள் கல்லாகவே கிடக்கிறாள். இவ்வோவியத்தில் அகலிகை பேசுவதில்லை. அவள் கதையைப் பிறரே பேசுகின்றனர்.

கம்பரின் இரு தீர்ப்புகள்

12 ஆம் நூற்றாண்டினர் எனப் பலரும் கொள்ளும் கம்பர், வான்மீகியின் கதைப்போக்கையும் தமிழகத்தில் வழங்கிய கல்லுருவையும் அகலிகைப் படலத்தில் இணைத்தார். இங்கு அகலிகை தொடக்கத்தில் அறியாள், இடையில் உணர்கிறாள், உணர்ந்த பின்னும், தகாது என எண்ணி விலகவில்லை. சினந்த முனிவர் கடுஞ்சொல் கூறிக் கல்லாகச் சபிக்கிறார். வான்மீகியிடம் கௌதமரே சாபத்தின் முடிவைச் சொல்கிறார். கம்பரிடமோ அகலிகை வாய்திறந்து வேண்டுகிறாள். பிழை பொறுப்பது பெரியோர் கடன் என்று நினைவூட்டி, தண்டனைக்கு ஓர் எல்லை கேட்கிறாள். குற்றவாளி நீதிபதிக்கு அறம் உரைக்கும் இடம் இது.

இராமனின் அடித்துகள் பட்டதும் கல் பெண்ணாகிறது. இராமன் அவளை அன்னை என்று அழைக்கிறான். விசுவாமித்திரர், நெஞ்சால் பிழை செய்யாத அவளை ஏற்றுக்கொள்ளுமாறு கௌதமரிடம் கூறுகிறார். உணர்ந்தும் விலகாதவள் எவ்வாறு நெஞ்சால் பிழையற்றவள் ஆவாள் என்பது கம்பனில் தோய்ந்தோரிடையே இன்றும் தீராத வழக்கு. முதல் தீர்ப்பு ஒரு கணத்தைப் பற்றியது. இரண்டாவது, நெடுங்காலம் கல்லாய்க் கிடந்து எழுந்த ஒருத்தியைப் பற்றியது என்று கொண்டால் முரண் ஓரளவு தணியும். ஒரு கணத்தின் பிழையை ஒரு வாழ்வின் பிழையாகக் கொள்ளாமை கம்பரின் கருணை.

புதுமைப்பித்தன் எழுப்பிய வினா

20 ஆம் நூற்றாண்டில் கிளைக்கதை மாந்தர் தலைமை மாந்தராயினர். வெள்ளக்கால் ப. சுப்பிரமணிய முதலியார் ‘அகலிகை வெண்பா’ பாடி, அவளைத் தனிநூலின் தலைவியாக்கினார். புதுமைப்பித்தன் இருமுறை அவளிடம் வந்தார். 1930களில் எழுதிய ‘அகல்யை’ கதையில் கௌதமர் சபிக்கவில்லை. மனத்தூய்மையே கற்பு என உணர்ந்து மன்னிக்கிறார். 1943 இல் ‘கலைமகள்’ இதழில் வெளிவந்த ‘சாப விமோசனம்’ அம்மன்னிப்போடு நிறைவடையவில்லை. மீண்டும் உயிர்பெற்ற அகலிகைக்கு ஒவ்வொரு சொல்லும் ஐயத்தையும் அச்சத்தையும் தருகிறது. காட்டிலிருந்து மீண்ட சீதை, தான் தீப்புகுந்த செய்தியைச் சொல்கிறாள். இராமனா அவ்வாறு கேட்டான் என்று அகலிகை திடுக்கிடுகிறாள். தன்னை மீட்டவனின் நீதி அவன் மனைவிக்கு எட்டவில்லை என்று அறிந்தபின் அவளால் பெண்ணாக நிற்க இயலவில்லை; மீண்டும் கல்லாகிறாள்.

மரபைச் சிதைத்ததாக இக்கதை குறைகூறப்பட்டதுண்டு. ஆயினும் இதன் வினா கம்பருக்கு உள்ளேயே இருக்கிறது. பாலகாண்டத்தில் நெஞ்சின் தூய்மை போதும் என்னும் தீர்ப்புக்குச் சான்றாக நின்ற இராமன், யுத்தகாண்டத்தில் நெஞ்சாலும் உடலாலும் பிழையாத சீதையிடம் கடுமொழி பேசுகிறான். அவள் தீயில் இறங்குகிறாள். காப்பியத்தின் இரு முனைகளில் நிற்கும் இவ்விரு பெண்களும் கம்பரிடம் சந்தித்து இதைப் பேசவில்லை. புதுமைப்பித்தன் அவர்களை ஒரே இடத்தில் இருத்திப் பேசவைத்தார். இரு புலவரை ஒப்பிடுவதை விட்டு, ஒரு காப்பியத்தின் இரு பெண்களை ஒப்பிட்டதே அவர் செய்த புதுமை.

நிறைவாக

அகலிகையின் வரலாற்றை அவள் பேசிய சொற்களாலும் அளக்கலாம். பாலகாண்டத்தில் இந்திரனிடம் பேசினாள், பரிபாடலில் பேசாது நின்றாள், கம்பரிடம் கணவனை வேண்டினாள், புதுமைப்பித்தனிடம் வினவினாள். அவ்வினாவுக்கு விடை கிடைக்காததனாலேயே அவள் மீண்டும் கல்லானாள். ஒப்பியல் திறனாய்வு செய்வோர் நூல்களை அடுத்தடுத்து வைத்து வேற்றுமைகளை எண்ணுவர். கவிஞரோ பேசாத இருவரைப் பேசவைத்து ஒப்பிடுவர். பழங்காப்பியங்களில் அவ்வாறு சந்திக்காத மாந்தர் இன்னும் பலர். வாலியை இழந்த தாரையும் இராவணனை இழந்த மண்டோதரியும் ஒரு திண்ணையில் அமர்ந்து பேசினால் என்ன பேசுவர் என்பதை, இனி வரும் ஒரு கவிஞரே சொல்லவேண்டும்.