அறக்கொடைக் குழந்தைப் போர்வைகளும் விரைவுத் தையலும்

பல துணித்துண்டுகளை இணைத்துத் தைத்த மேல்துணி, நடுவே மெல்லிய பஞ்சு அடுக்கு, அடியில் ஒற்றைத் துணி ஆகிய மூன்றையும் ஊடுதையலால் பிணைத்து உருவாக்கும் போர்வை அமெரிக்காவில் குயில்ட் எனப்படுகிறது. அதன் மேல்துணியைத் துண்டுகளால் அமைக்கும் ஒட்டுத்தையல் முறைக்குப் பேட்ச்வொர்க் என்று பெயர். இக்கலையைப் பற்றிய நூல்கள் பெரும்பாலும் அருங்காட்சியகங்களில் எஞ்சியுள்ள, நுண்ணிய வேலைப்பாடு மிக்க போர்வைகளையே விரித்துரைக்கின்றன. முன்பின் அறியாத ஒரு குழந்தைக்காகவோ நோயாளிக்காகவோ தைத்துக் கொடுக்கப்பட்டு, துவைத்துத் துவைத்து நைந்துபோன அறக்கொடைப் போர்வைகள் எவரது சேகரிப்பிலும் இடம்பெறாததால், அவற்றின் வரலாறு உரிய அளவுக்கு எழுதப்படவில்லை. குறைந்த நேரத்தில் முடியும் எளிய வடிவங்களைக் கலையின் தேய்வாகக் கருதும் பார்வையும் இந்தக் குறையிலிருந்தே பிறந்தது.

அறச்செயலுக்கெனத் தைக்கப்பட்டு இன்றுவரை பாதுகாக்கப்படும் தொட்டில் போர்வைகளுள் குறிப்பிடத்தக்கது 1836ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அடிமை ஒழிப்புக்காக எழுதிவந்த லிடியா மரியா சைல்ட், அவ்வியக்கத்துக்கு நிதி திரட்டப் பாஸ்டன் நகரப் பெண்கள் நடத்திய சந்தைக்காக அதைத் தைத்தளித்தார். சிறு சதுரங்களும் முக்கோணங்களும் சேர்ந்து விண்மீன்களாக அமைந்த அப்போர்வையின் நடுவில், தன் மகவை அன்போடு அணைக்கும் தாய், பிள்ளையைப் பறிகொடுத்த அடிமைத் தாயை நினைக்கும்படி வேண்டும் செய்யுள் மையால் எழுதப்பட்டுள்ளது. விலைக்கு விற்று நிதி சேர்ப்பதற்காகச் செய்யப்பட்ட பொருள் என்பதால் அதில் நுண்மைக்கு இடமிருந்தது. வாங்குபவர் அழகுக்காகவும் காசு கொடுத்தார். நேரடியாகப் பயன்பாட்டுக்குக் கொடுக்கப்படும் போர்வைக்கு வேறொரு கணக்கு உண்டு.

அந்தக் கணக்கை முதன்முதலில் பேரளவில் கட்டாயமாக்கியது அமெரிக்க உள்நாட்டுப் போர். 1861இல் அமைக்கப்பட்ட ஐக்கிய அமெரிக்கச் சுகாதார ஆணையம் வட மாநிலப் படைகளின் மருத்துவமனைகளுக்காகப் போர்வைகள் கேட்டபோது, தேவாலயங்களிலும் பள்ளிகளிலும் கூடிய பெண்கள் ஏறத்தாழ 2,50,000 போர்வைகளை அனுப்பியதாக ஆய்வாளர் மதிப்பிடுகின்றனர். ஒடுக்கமான கட்டிலுக்கு ஏற்றவாறு சுமார் 7 அடி நீளமும் 4 அடி அகலமும் கொண்டிருந்த அவற்றில் இன்று எஞ்சியிருப்பவை மிகச் சிலவே. அழிந்துபோனது அவற்றின் குறையன்று. அவை செய்யப்பட்ட நோக்கம் முழுமையாக நிறைவேறியது என்பதற்கே அது சான்று.

இருபதாம் நூற்றாண்டில் இதே தேவை எல்லைகளைக் கடந்தது. 1920இல் தோன்றிய மென்னோனைட் மத்தியக் குழு என்னும் கிறித்தவத் துயர்துடைப்பு அமைப்புக்காக இன்றும் தைக்கப்படும் போர்வைகளில், ஊடுதையலுக்கு மாற்றாக, மூன்று அடுக்குகளையும் சில அங்குல இடைவெளியில் நூலால் குத்தி முடிச்சிடும் முறை வழக்கில் உள்ளது. பல நாள் உழைப்பைக் கேட்கும் ஊடுதையலை விட்டு முடிச்சிடும்போது, நால்வர் சுற்றி அமர்ந்தால் ஒரே அமர்வில் ஒரு போர்வை முடிந்துவிடுகிறது. இரண்டாம் உலகப் போரின்போது கனடா நாட்டுச் சிற்றூர்ப் பெண்கள் செஞ்சிலுவைச் சங்கத்தின் வழியாகப் பிரிட்டனுக்கு அனுப்பியவை சுமார் 4 லட்சம் எனப்படுகிறது. குண்டுவீச்சில் வீடிழந்த குடும்பங்களுக்குச் சென்ற அப்போர்வைகளில் பழைய சட்டைகளும் பாவாடைகளும் எஞ்சிய துணிகளும் கலந்து கிடந்தன.

நேரத்தை மிச்சப்படுத்தும் உத்திகளின் வளர்ச்சியில் அடிக்கடி மறக்கப்படுபவர்கள் புளோரிடாவின் செமினோல் பழங்குடிப் பெண்கள். கையால் சுழற்றும் தையல் இயந்திரத்தைக் கொண்டு, சிவப்பு, மஞ்சள், கறுப்பு எனப் பளிச்சிடும் ஒரே நிறத் துணிகளை நீண்ட பட்டைகளாகக் கிழித்து, அவற்றை ஒன்றாகத் தைத்து, பின்னர் குறுக்கே வெட்டி இடம் மாற்றி மீண்டும் தைக்கும் முறையை அவர்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கப் பத்தாண்டுகளிலேயே தம் ஆடைகளில் கையாண்டனர். போர்வைத் தையலில் இயந்திரத்தைக் கொண்டு வேகம் கூட்டும் வழிகளை நெப்ராஸ்கா விவசாயி எர்னஸ்ட் ஹெய்ட் 1974இல் சிறு நூலாக வெளியிட்டார். 1976இல் பார்பரா ஜொஹானா எழுதிய விரைவுத் தையல் நூலும், 1978இல் எலினார் பர்ன்ஸ் லாக் கேபின் என்னும் வடிவத்தை ஒரே நாளில் முடிக்கக் கற்பித்த நூலும் அடுத்தடுத்து வந்தன. 1979இல் ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் ரோட்டரி கட்டர் என்னும் உருள்கத்தியை அறிமுகப்படுத்தியது. வட்டத் தகடு சுழன்று ஒரே இழுப்பில் பல அடுக்குத் துணியை நேர்கோட்டில் வெட்டும் இக்கருவி, அட்டை அச்சு வைத்து ஒவ்வொரு துண்டையும் கத்தரிக்கும் பழைய வேலையைப் பெருமளவு ஒழித்தது.

இம்மாற்றத்தின் அளவை உணர, அறக்கொடைக் குழுக்கள் விரும்பும் ரெயில் ஃபென்ஸ் என்னும் வேலிப் பட்டை வடிவத்தைச் சற்று விரிவாகக் காணலாம். மூன்று நிறத் துணிகளிலிருந்து இரண்டரை அங்குல அகலப் பட்டைகளை வெட்டி, கால் அங்குல ஓரம் விட்டு நீளவாக்கில் மூன்றையும் இணைத்தால் ஆறரை அங்குல அகலமுள்ள ஒரு தொகுதி கிடைக்கிறது. வழக்கமான 42 அங்குலத் துணி அகலத்தில் அதை ஆறரை அங்குலத்துக்கு ஒன்றாகக் குறுக்கே வெட்டினால் ஆறு சதுரங்கள் வரும். ஐந்து தொகுதிகள் முப்பது சதுரங்களைத் தந்து, ஐந்துக்கு ஆறாக அடுக்கும்போது 30 அங்குல அகலமும் 36 அங்குல நீளமும் கொண்ட குழந்தைப் போர்வையின் மேல்துணியாகிவிடும். ஒவ்வொரு நிறத்திலும் அரை கஜத்துக்குக் குறைவான துணியே போதும். தனித்தனியே வெட்டியிருந்தால் தொண்ணூறு துண்டுகளைக் கையாள வேண்டியிருக்கும். சதுரங்களை ஒன்று நெடுக்காகவும் அடுத்தது கிடையாகவும் மாற்றி வைப்பதால் படிக்கட்டு போன்ற ஓட்டம் தோன்றுகிறது. ஒரு சதுரத்தின் உள் தையல்கள் அடுத்த சதுரத்தின் உள் தையல்களோடு எங்கும் நேருக்குநேர் பொருந்த வேண்டியதில்லை என்பதே இதன் சிறப்பு; புதிதாகத் தைக்க வருபவரின் சிறு பிசகுகளை இவ்வடிவம் காட்டிக்கொடுப்பதில்லை. பலர் கூடித் தைக்கும் அறப்பணிக்கு இதைவிடப் பெரிய நற்பண்பு வேறில்லை.

இவ்வளவும் கைவசமிருந்த காலத்தில்தான் குழந்தைகளுக்கான தனி இயக்கங்கள் எழுந்தன. நியூ ஹாம்ப்ஷயரின் நார்த்வுட் ஊரைச் சேர்ந்த எலன் ஆல்கிரென், ஹெச்ஐவி தொற்றுடன் பிறந்து மருத்துவமனைகளில் கிடந்த குழந்தைகளின் நிலை கண்டு 1988இல் ஏபிசி குயில்ட்ஸ் இயக்கத்தைத் தொடங்கினார். அந்நோயாளிகளைத் தொடவே பலர் அஞ்சிய அந்நாளில், ஒரு குழந்தைக்கெனக் கையால் செய்த பொருளை அனுப்புவது துணிவும் அன்பும் ஒருங்கே கொண்ட செயல். புற்றுநோய்ச் சிகிச்சை பெற்ற ஒரு சிறுமி தன் போர்வையைப் பற்றிக்கொண்டு தேறியதை இதழொன்றில் படித்த கேரன் லூக்ஸ், 1995இல் கொலராடோவில் புராஜெக்ட் லைனஸ் அமைப்பை நிறுவினார். எப்போதும் போர்வையோடு திரியும் கார்ட்டூன் சிறுவனின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது.

குழந்தைப் போர்வை என்றால் வெளிர் இளஞ்சிவப்பும் வெளிர் நீலமும் என்றிருந்த வழக்கம் தளர்ந்ததற்கு அறிவியல் ஒருபுறம் துணைநின்றது. பச்சிளங் குழந்தைகள் வெற்றுப் பரப்பைவிட வடிவமுள்ள பரப்பையே நெடுநேரம் நோக்குகின்றன என்பதை உளவியலாளர் ராபர்ட் ஃபான்ஸ் 1960களின் ஆய்வுகளில் நிறுவினார். மறுபுறம், 1997இல் வெளிவந்த தம் நூலொன்றில் வடிவமைப்பாளர் கேஃப் ஃபேசட் பெரும் பூக்களும் அடர் நிறங்களும் கொண்ட துணிகளை அஞ்சாமல் ஒருங்கே வைத்துக் காட்டினார். இத்தகைய துணிகளே வடிவத்தையும் தீர்மானிக்கின்றன. உள்ளங்கை அளவுள்ள பூவை இரண்டு அங்குலத் துண்டுகளாக வெட்டினால் அது பூவாக நிற்காமல் சிதறிய நிறமாகிவிடும். ஆகவே பெரிய சதுரங்களும் அகன்ற பட்டைகளும் விரைவுக்காக மட்டுமன்றித் துணியின் இயல்புக்காகவும் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. பலரிடமிருந்து வந்த, ஒன்றோடொன்று இணங்காத துணிகளுக்கு நடுவே கறுப்போ வெள்ளையோ போன்ற ஒரே நிறத்தை இடைவிட்டு இடைவிட்டு வைப்பது அவற்றை ஒழுங்குபடுத்தும் நம்பகமான வழி. அடர் சிவப்பும் கருநீலமும் சாயம் விடக்கூடியவை என்பதால், வெட்டுமுன் துவைத்துப் பார்ப்பதைத் தவிர்க்கலாகாது.

இப்போர்வைகளின் பயன் அண்மைக்காலத்தில் திரும்பிய திசையும் வரலாற்றில் பதிவு பெறத்தக்கது. குழந்தைகளை மல்லாக்கவோ பக்கவாட்டிலோ படுக்கவைக்குமாறு அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 1992இல் அறிவுறுத்தியது. உறங்கும் கைக்குழந்தையின் தொட்டிலில் தளர்ந்த போர்வைகளும் மெத்தென்ற பொருள்களும் இருக்கலாகாது என்பதும் பின்னர் அதன் பரிந்துரையானது. எனவே தொட்டிலுக்கெனத் தைக்கப்பட்டவை குறைமாதக் குழந்தைகளின் இன்குபேட்டர் பெட்டிகளை வெளிச்சம் புகாமல் மூடும் உறைகளாகவும், தரைவிரிப்புகளாகவும் மாறின. மல்லாந்தே உறங்கும் குழந்தையை விழித்திருக்கும் வேளையில் சற்று நேரம் குப்புறப் படுக்கவைக்க வேண்டும் என்னும் வழக்கம் பரவியதோடு, அக்குழந்தை ஒரு சாண் தூரத்தில் நேராக நோக்குவது தரையில் விரித்த போர்வையின் மேல்துணியையே என்றாகிவிட்டது. பெரியோர் கண்ணுக்காக அமைக்கப்பட்டுவந்த வடிவத்தையும் நிறத்தையும் குழந்தையின் கண்ணை முன்னிட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டிய கடமை, இதனால் தைப்பவருக்குப் புதிதாக வந்துசேர்ந்தது.