ஸ்டியரிங் குறைபாட்டு மீளழைப்பு

விற்பனையான வாகனங்களின் ஸ்டியரிங்கில் பாதுகாப்புக் குறை இருப்பது தெரியவந்தால், தயாரிப்பாளர் அவற்றை வரவழைத்து இலவசமாகத் திருத்தித் தரும் நடைமுறை.

2012 நவம்பரில் டொயோட்டா, ப்ரியஸ், கொரோலா உட்பட உலகெங்கும் 27 இலட்சத்துக்கு மேற்பட்ட வாகனங்களை மீளழைத்தது. பலவற்றில் ஸ்டியரிங் இடைத்தண்டின் பற்களுக்குப் போதிய கடினத்தன்மை இல்லை. மெதுவாகச் செல்லும்போது ஸ்டியரிங்கைக் கடைசி வரை அடிக்கடி வலிந்து ஒடித்தால், பற்களிடையே இடைவெளி விழுந்து அவை தேயக்கூடும். 2023 ஜூலையில் மாருதி சுசுகி, ஸ்டியரிங்கின் டை ராட் உடையும் அபாயம் கருதி 87,599 எஸ்-பிரெஸ்ஸோ, ஈக்கோ வாகனங்களை அழைத்தது. இந்தியாவில் மீளழைப்புக்கு உத்தரவிடும் அதிகாரத்தை 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் அரசுக்கு வழங்கியது.

இலங்கையின் பெரகலை–கொஸ்லந்தை மலைவீதி போன்ற வளைவுப் பாதைகளில் ஸ்டியரிங்குக்கு வேலை அதிகம். இலங்கையில் ஓடும் பல வாகனங்கள் ஜப்பானில் பாவித்தவை. அங்கிருந்து அனுப்பப்படும் மீளழைப்புக் கடிதம் இங்குள்ள உரிமையாளருக்கு வந்து சேராமல் போகலாம். எனவே சேஸி இலக்கத்தைத் தயாரிப்பாளரின் மீளழைப்புப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே உறுதியான வழி. ஸ்டியரிங் ஆட்டம் கண்டாலோ, திருப்பும்போது தட்டும் சத்தம் கேட்டாலோ உடனே பரிசோதிக்க வேண்டும்.